3-ஏ அறிவிக்கை வந்துவிட்டது: 21 நாளுக்குள் என்ன செய்ய வேண்டும்?

கரிசல்வரப்பு (கேள்வி)

எங்கள் பகுதியில் தேசிய நெடுஞ்சாலையை நான்கு வழியாக்க, தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3-ஏ அறிவிக்கை (நிலத்தை எடுக்கப்போவதாகச் சொல்லும் முதல் அறிவிப்பு) வெளியாகி, தமிழ் நாளிதழில் புல எண்களோடு விளம்பரமும் வந்துவிட்டது. பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் சிறு பட்டாதாரர்கள். உதாரணத்துக்கு ஒரு புலம்: மொத்தம் 1 ஏக்கர் 20 சென்ட், எடுப்பது 40 சென்ட். அந்த 40 சென்டுக்குள்தான் கிணறு இருக்கிறது. மீதி 80 சென்ட் தண்ணீர் இல்லாமல் நிற்கும். இன்னொரு புலத்தில் ஓட்டு வீட்டின் முன்பாதி போகிறது.

கேள்விகள்:

1. “சொத்துரிமை இப்போது அடிப்படை உரிமை இல்லை, அரசு கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்” என்கிறார்கள். சரியா?
2. ஆட்சேபணை மனு எழுதுவதால் உண்மையில் பயன் உண்டா? எப்படி எழுத வேண்டும்?
3. இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?
4. அளக்க வருகிறவர்கள் ஏதாவது தாளில் கையெழுத்துக் கேட்டால் போடலாமா?

நிலச்சட்டம்_மதுரை

முதல் கேள்வியில் பாதிதான் உண்மை. 1978இல் வந்த அரசியல் சாசனத்தின் 44ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து எடுத்தது. ஆனால் அதே திருத்தம் 300-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது. இது வெறும் அலங்கார வாசகம் இல்லை. கொல்கத்தா மாநகராட்சி எதிர் பிமல்குமார் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் 300-ஏ பிரிவுக்குள் ஏழு உரிமைகள் இருப்பதாகப் பிரித்துச் சொன்னது. முன்னறிவிப்பு பெறும் உரிமை, ஆட்சேபணை கேட்கப்படும் உரிமை, காரணத்தோடு கூடிய முடிவைப் பெறும் உரிமை, பொது நோக்கத்துக்கு மட்டுமே எடுக்க வேண்டும் என்ற கடமை, நியாயமான இழப்பீடு, காலதாமதமில்லாத நடைமுறை, கடைசியாக நடைமுறை முறைப்படி முடிவுக்கு வருவது. இதில் ஒன்றை விட்டாலும் அரசின் நடவடிக்கை கேள்விக்குள்ளாகும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இமாச்சலப் பிரதேசத்தில் 1967-68இல் ஒரு பெண்ணின் நிலத்தில் எந்த நில எடுப்பும் இல்லாமல் சாலை போட்டார்கள். வழக்கு வந்தபோது “இத்தனை வருடமாக எங்கள் அனுபவத்தில் இருக்கிறது” என்று அரசு வாதாடியது. குடிமக்களின் நிலத்தை அனுபவ பாத்தியதை சொல்லி அரசு சொந்தமாக்கிக்கொள்ள முடியாது என்று 2020 ஜனவரியில் வித்யா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. எனவே “கொடுத்துத்தான் ஆக வேண்டும்” என்பவர்களிடம், “எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி, எந்தத் தேதியில்” என்று கேளுங்கள். உங்கள் போராட்டம் முழுக்க அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

இனி தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956. இதில் 2013 நில எடுப்புச் சட்டத்தில் உள்ள சமூகத் தாக்க மதிப்பீடு (மக்களுக்கு வரும் பாதிப்பை முன்கூட்டியே ஆராய்வது) கிடையாது. வேகமாக ஓடும் சட்டம், அதனால்தான் தேதிகள் முக்கியம்:

3-ஏ: எடுக்கும் எண்ணத்தை மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும். அதன் சாரத்தை இரண்டு உள்ளூர் நாளிதழ்களில், ஒன்று தமிழில், வெளியிட வேண்டும்.
3-சி: 21 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபணை. நேரிலோ வக்கீல் மூலமோ விசாரணை. அதன்பின் எழுத்தில் உத்தரவு.
3-டி: எடுப்பதாக உறுதி அறிவிப்பு. இது அரசிதழில் வந்த நொடியில் நிலம் மத்திய அரசுக்குப் போய்விடும். 3-ஏ வெளியாகி ஒரு வருடத்துக்குள் இது வராவிட்டால் 3-ஏ காலாவதி (நீதிமன்றத் தடை இருந்த நாட்களைக் கழித்து).
3-ஜி: இழப்பீடு நிர்ணயம். 3-எச்: பணத்தை டெபாசிட் செய்தல்.
3-இ: பணம் டெபாசிட் ஆன பிறகுதான், 60 நாள் அவகாசத்தோடு, நிலத்தை ஒப்படைக்கச் சொல்லலாம்.

3-டிக்கு முன்னால் நீங்கள் நில உரிமையாளர். அதற்குப் பின்னால் பணம் கேட்கும் உரிமையாளர். இந்த வித்தியாசம் தெரியாமல், 3-டி வந்த பிறகு வக்கீலைத் தேடுபவர்கள்தான் அதிகம்.

21 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? சட்ட வாசகம் 3-ஏ அறிவிக்கை வெளியான நாள் என்கிறது. அரசிதழ் தேதிக்கும் நாளிதழ் தேதிக்கும் சில சமயம் வாரக்கணக்கில் இடைவெளி இருக்கும். முடிந்தால் அரசிதழ் தேதிப்படியே கொடுத்துவிடுங்கள். அது தாண்டிவிட்டால், நாளிதழ் விளம்பரம் வந்த தேதியையும் அதன் நகலையும் மனுவிலேயே காட்டி, அந்தத் தேதிப்படி 21 நாளுக்குள் கொடுங்கள். எதுவும் கொடுக்காமல் விடுவதுதான் தவறு.

புலப்படம்

மேலே உள்ளவர் சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் ஆவணப் பக்கம் சொல்கிறேன். பல பேருக்குப் பணம் வராமல் நிற்பதற்கும் ஆட்சேபணை தள்ளுபடி ஆவதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

இன்றைக்கே எடுக்க வேண்டியவை: பட்டா, அ-பதிவேடு (புல எண் வாரியான நில விவரப் பதிவேடு) நகல், புலப்பட வரைபடம் (எஃப்.எம்.பி.), கடந்த சில வருட அடங்கல் (பயிர்க் கணக்கு), 30 வருட வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம். முதல் மூன்றும் தமிழ்நாடு அரசின் இ-சேவை தளத்திலேயே எடுக்கலாம். அடங்கலுக்கு வி.ஏ.ஓ.விடம் போக வேண்டும்.

3-ஏ அட்டவணையில் பரப்பு ஹெக்டேரிலோ சதுர மீட்டரிலோ இருக்கும். 1 சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர். நீங்கள் சொன்ன 40 சென்ட் சுமார் 1,619 சதுர மீட்டர், அதாவது 0.16 ஹெக்டேர். உங்கள் பட்டாவில் உள்ள உட்பிரிவு எண், அட்டவணையில் உள்ள உட்பிரிவு எண், புலப்பட வரைபடத்தில் உள்ளது, மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 112/3பி என்று இருக்க வேண்டியது 112/3 என்று மட்டும் இருந்தால் யாருடைய நிலம் என்றே தெரியாது. நன்செயை மானாவாரி என்றோ, கட்டடம் உள்ள இடத்தைக் காலியிடம் என்றோ, பட்டா நிலத்தைப் புறம்போக்கு என்றோ போட்டிருப்பார்கள். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டக் காலத்துத் தவறுகள் இப்போதுதான் வெளியே வரும். தவறு இருந்தால் ஆட்சேபணையில் எழுதுங்கள், தனியாகத் திருத்த மனுவும் கொடுங்கள்.

பட்டா தாத்தா பெயரில் இருந்தால் உடனே வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். பெண் வாரிசுகளை விட்டுவிட்டு எழுதாதீர்கள், பின்னால் ஒருவர் ஆட்சேபித்தாலும் பங்குத் தகராறு என்று தொகை சிவில் நீதிமன்றத்துக்குப் போய்விடும். அங்கிருந்து எடுக்க வருடங்கள் ஆகும். கூட்டுப் பட்டாவிலும் இதே சிக்கல்தான். பாகம் பேசி முடித்திருந்தால் உட்பிரிவு செய்துகொள்ளுங்கள்.

நான்காவது கேள்விக்கு: அளப்பதற்கும் மண் பரிசோதனைக்கும் 3-பி பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. அதைத் தடுத்தால் அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக வழக்கு வரும், அந்த வாய்ப்பைக் கொடுக்காதீர்கள். ஆனால் அளப்பது வேறு, ஜே.சி.பி. கொண்டுவந்து வரப்பை உடைப்பது வேறு. 3-டிக்கு முன் வேலை தொடங்க யாருக்கும் அதிகாரம் இல்லை. வந்தவர்களின் அடையாள அட்டையைப் பார்த்து, பெயரும் பதவியும் குறித்து, வீடியோ எடுங்கள்.

வெற்றுத்தாள், நிரப்பாத படிவம், “நில நுழைவுக்குச் சம்மதம்” என்ற கடிதம், எதிலும் கையெழுத்து வேண்டாம். அளவைப் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்டால், முதலில் கிணறு, ஆழ்துளைக் கிணறு, குழாய்வழி, மரங்கள் (வகை, வயது, எண்ணிக்கை), வேலி, களம் எல்லாம் ஏறியிருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள். விடுபட்டிருந்தால் கையெழுத்துக்கு மேலேயே “கிணறு 1, தென்னை 8 சேர்க்கப்படவில்லை” என்று கையால் எழுதிவிட்டு, தேதியோடு போட்டு, பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் இல்லாத தென்னைக்குப் பின்னால் யாரும் காசு தர மாட்டார்கள்.

நிலச்சட்டம்_மதுரை

ஆட்சேபணை எழுதும் முறை பற்றி. ஒரே ஜெராக்ஸ் மனுவில் ஐம்பது பேர் கையெழுத்துப் போட்டு “எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கும்” என்று கொடுத்தால், ஒரே வரியில் தள்ளுபடி ஆகும். 3-சி ஆட்சேபணை, நிலத்தை அந்த நோக்கத்துக்குப் பயன்படுத்துவதற்கு எதிராக இருக்க வேண்டும். விலை போதாது என்பது இந்தக் கட்டத்தில் செல்லாது. ஒவ்வொரு பட்டாதாரரும் தனித்தனியாக, அவரவர் புல எண்ணுக்கு, சரிபார்க்கக்கூடிய காரணத்தோடு எழுத வேண்டும். இந்த மாதிரி:

“புல எண் 112/3பி-இல் 0.16.0 ஹெக்டேர் எடுத்தால், மீதமுள்ள 80 சென்டுக்கும் பாசனம் தரும் ஒரே கிணறு போய்விடும். சாலையின் கிழக்கே புல எண் 113 அரசுப் புறம்போக்காக உள்ளது (அ-பதிவேடு நகல் இணைப்பு 2). மையக்கோட்டை கிழக்கே நகர்த்தினால் கிணறும் பட்டா நிலமும் தப்பும். இதைப் பரிசீலித்தீர்களா, நிராகரித்தால் என்ன காரணம் என்பதை உத்தரவில் குறிப்பிடக் கோருகிறேன். திட்ட வரைபடத்தையும் என் ஆட்சேபணைக்குத் திட்ட அலுவலகம் தரும் பதிலையும் விசாரணைக்கு முன் எனக்கு வழங்கவும், நேரில் கேட்கவும் கோருகிறேன்.”

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். அவை இருந்தால், பதிலைக் காட்டாமலும் காரணம் சொல்லாமலும் தள்ளுபடி செய்த உத்தரவை உயர் நீதிமன்றத்தில் அரசியல் சாசனத்தின் 226ஆவது பிரிவின் கீழ் உடைக்க வழி இருக்கும். மனுவை மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ., நில எடுப்பு) அலுவலகத்தில் நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள், ஒரு பிரதியை ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் திட்ட வரைபடம் கேட்கலாம், ஆனால் அதற்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதை நம்பி 21 நாளைக் கோட்டை விடாதீர்கள்.

நீதிமன்றத்தில் எது நிற்கும், எது நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். “இந்தப் பாதையைவிட அந்தப் பாதை நல்லது” என்ற வாதம் தனியாக நிற்காது, அது நிபுணர்களின் வேலை என்று விட்டுவிடுவார்கள். நிலத்தை அடையாளம் காண முடியாத அறிவிக்கை, விசாரணை இல்லாமல் உத்தரவு, ஒரு வருடம் தாண்டிய 3-டி, இவை நிற்கும். அதுவும் சீக்கிரம் போனால்தான். பாரங்கூர் சணல் ஆலை வழக்கில் (2005) 3-ஏ அறிவிக்கையில் நில விவரமே சரியாக இல்லை, அது சட்டப்படி தவறு என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்குள் சாலை வந்துவிட்டதால் நிலம் திரும்பக் கிடைக்கவில்லை. விலையைக் கணக்கிடும் தேதியைத் தள்ளிவைத்ததுதான் நிவாரணம்.

சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை வழக்கும் இந்த இடத்தில் பாடம். உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ரத்து செய்த அறிவிக்கைகளை 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அதே தீர்ப்பில், வெறும் 3-ஏயை வைத்து வருவாய் ஆவணங்களில் செய்த பெயர் மாற்றத்தைத் திருப்பி எழுத வேண்டும் என்பதையும் உறுதிசெய்தது. ஆகவே உங்கள் பட்டாவை ஆன்லைனில் அடிக்கடி பாருங்கள். 3-டிக்கு முன் பெயர் மாறியிருந்தால் அன்றைக்கே எழுத்தில் ஆட்சேபியுங்கள்.

தெற்குவெளி

எத்தனை மனு கொடுத்தாலும் சாலை வரத்தான் போகிறது. ஒன்று மட்டும் சொல்வேன், பணத்தை வாங்காதீர்கள். வாங்கினால் ஒப்புக்கொண்ட மாதிரி, அதற்குமேல் கேட்க முடியாது.

சென்ட்கணக்கு

தெற்குவெளி அண்ணா, இந்தத் தவறான தகவலால் ஏழைகள் நிறையப் பேர் நஷ்டப்படுகிறார்கள். வாங்காவிட்டாலும் தொகை டெபாசிட் ஆகிவிட்டால் 3-இ நோட்டீஸ் வரும், நிலம் போகும். பணத்தை வாங்குங்கள். ரசீதில் “எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன், கூடுதல் இழப்பீடு கோரும் உரிமை எனக்கு உண்டு” என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கூடுதல் தொகை கேட்டு நடுவரிடம் போகும் உரிமை அப்படியே இருக்கும்.

இழப்பீட்டுக் கணக்கு இதுதான். 2015 முதல் தேசிய நெடுஞ்சாலைக்கும் 2013 சட்டத்தின் முதல் அட்டவணைப்படிதான் தர வேண்டும். முதலில் சந்தை மதிப்பு: முத்திரைச் சட்டப்படி உள்ள வழிகாட்டி மதிப்பு ஒன்று, சுற்றுவட்டாரத்தில் முந்தைய 3 வருடத்தில் பதிவான அதே மாதிரி நிலங்களின் விற்பனை விலைச் சராசரி இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அது. சராசரி எடுக்கும்போது எல்லாப் பத்திரங்களையும் எடுக்கக் கூடாது. விலை அதிகமாக உள்ள பாதிப் பத்திரங்களை மட்டும் எடுக்க வேண்டும் என்று 2013 சட்டத்தின் 26ஆம் பிரிவின் விளக்கமே சொல்கிறது. 12 பத்திரம் இருந்தால் விலை கூடிய 6.

தவறு நடக்கும் இடம் இது. பழைய 1894 சட்டத்தின் பழக்கத்தில் ஒரே ஒரு பத்திரத்தை “டேட்டா லேண்ட்” என்று பிடித்துக்கொண்டு, அதுவும் குறைந்த விலைப் பத்திரமாகப் பார்த்து, எல்லோருக்கும் அதே விலை போடுவார்கள். நீங்களே உங்கள் புலத்தைச் சுற்றியுள்ள புல எண்களுக்கு வில்லங்கம் போட்டு, கிரயப் பத்திரங்களின் பட்டியல் தயாரியுங்கள்: பத்திர எண், தேதி, புல எண், பரப்பு, தொகை, சென்டுக்கு என்ன விலை. அதைப் 3-ஜி விசாரணையில் நகல்களோடு கொடுங்கள். வீட்டு மனைப் பத்திரத்தை விவசாய நிலத்துக்குக் காட்டினால் அபிவிருத்திக் கழிவு என்று ஒரு பங்கைக் குறைப்பார்கள், எனவே விவசாய நிலப் பத்திரங்கள்தான் முதுகெலும்பு.

உங்கள் 40 சென்டுக்கு ஒரு மாதிரிக் கணக்கு. சென்ட் 30,000 ரூபாய், பெருக்குக் காரணி 1.25 என்று வைத்துக்கொள்வோம் (கிராமப்புறத்துக்கு 1 முதல் 2 வரை மாநில அரசு நிர்ணயிக்கும், உங்கள் இடத்துக்கு எது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்).

நிலம்: 40 × 30,000 = 12,00,000
காரணியோடு: 15,00,000
கிணறு, மரம், குழாய்: 3,00,000 என்றால் மொத்தம் 18,00,000
சொலேஷியம் (ஆறுதல் தொகை) 100%: 18,00,000
ஆக 36,00,000
3-ஏ தேதியிலிருந்து அவார்டு (இழப்பீட்டை நிர்ணயிக்கும் உத்தரவு) வரை 18 மாதம் என்றால், சந்தை மதிப்பான 12 லட்சத்துக்கு ஆண்டுக்கு 12%: 2,16,000
மொத்தம் 38,16,000

சொலேஷியம் நிலத்துக்கு மட்டும் அல்ல, கிணறு, மரம், கட்டடத்துக்கும் சேர்த்துத்தான். அவார்டு நகலில் இந்த வரியைத் தனியாகப் பாருங்கள். 12% வரி விடுபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மீதி 80 சென்ட் தண்ணீர் இல்லாமல் நிற்கிறதே, அதற்கும் பணம் உண்டு. 3-ஜி(7) பிரிவு, நிலத்தைத் துண்டாக்குவதால் வரும் சேதம், மற்றச் சொத்துக்கும் வருமானத்துக்கும் வரும் பாதிப்பு, குடியிருப்பை மாற்றும் செலவு மூன்றையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. கேட்காவிட்டால் போட மாட்டார்கள். புதுக் கிணறு வெட்டவும் மின் இணைப்பை மாற்றவும் ஆகும் செலவுக்கு மதிப்பீடு வாங்கி இணையுங்கள்.

கரிசல்வரப்பு

நன்றி. இரண்டு சந்தேகம். வீட்டின் பாதி போகும்போது முழு வீட்டையும் எடுக்கச் சொல்ல 2013 சட்டத்தின் 94ஆம் பிரிவில் இடம் இருப்பதாகப் படித்தேன். அடுத்து, பக்கத்துக் கிராமத்தில் தொழிற்பேட்டைக்கு எடுக்கிறார்கள். அவர்களுக்கும் இதே நடைமுறைதானா?

நிலச்சட்டம்_மதுரை

94ஆம் பிரிவு தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்துக்கு நேராக வராது. 2013 சட்டத்திலிருந்து இங்கே வருவது இழப்பீடு, மறுவாழ்வு அட்டவணைகள்தான். ஆனால் அதே பலனை 3-ஜி(7) வழியாகக் கேட்கலாம். முன்சுவரும் தாங்கு தூணும் போனால் மீதி வீடு குடியிருக்கத் தகுதியில்லை என்று பதிவுபெற்ற கட்டடப் பொறியாளரிடம் அறிக்கை வாங்கி, முழு வீட்டின் மதிப்பையும் துண்டாக்கல் சேதமாகக் கோருங்கள்.

தொழிற்பேட்டை என்றால் சட்டமே வேறு. தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம், 1997. மாநில நெடுஞ்சாலை என்றால் 2001 சட்டம். இவற்றை 2013 சட்டத்திலிருந்து விலக்கிய 105-ஏ பிரிவை 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே வருடம் சட்டமன்றம் இச்சட்டங்களுக்கு உயிர் கொடுத்துப் புதுச் சட்டம் இயற்றியது, 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. ஆக, அங்கேயும் சமூகத் தாக்க மதிப்பீடு கிடையாது, இழப்பீடு மட்டும் 2013 கணக்குப்படி. அவர்கள் கவனிக்க வேண்டியது 3(2) நோட்டீஸ். ஏன் எடுக்கக் கூடாது என்று காரணம் கேட்டு வருவது அதுதான். அதற்குப் பிறகு 3(1) அறிவிக்கை அரசிதழில் வந்தால் நிலம் அரசுடையது. எண் வரிசை தலைகீழாக இருப்பதால், 3(1) இன்னும் வரவில்லையே என்று காத்திருந்து ஏமாறுகிறார்கள். மாநில நெடுஞ்சாலைச் சட்டத்திலும் அப்படித்தான், 15(2) முதலில், 15(1) பிறகு.

சென்ட்கணக்கு

அவார்டு குறைவாக வந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துவிடுகிறேன். 3-ஜி(5)இன்படி நடுவரிடம் மனு. தமிழ்நாட்டில் நடுவர் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர்தான். 3 வருடத்துக்குள் போடுங்கள், ஆனால் அவார்டு நகல் கையில் வந்த மாதத்திலேயே போடுவது நல்லது. நடுவர் கூட்டிக் கொடுத்தால், கூடுதல் தொகைக்கு 9% வட்டியும் உண்டு.

எல்லாப் பத்திரங்களையும் பொறியாளர் அறிக்கையையும் நடுவர் முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நடுவர் உத்தரவை நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் எதிர்க்க 3 மாதம், காரணம் சொன்னால் கூடுதலாக 30 நாள், அவ்வளவுதான் அவகாசம். ஹக்கீம் வழக்கில் (2021), இது தமிழ்நாட்டு வழக்கு, நீதிமன்றம் அவார்டை ரத்து செய்யலாமே தவிர தொகையை மாற்றி எழுத முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரலில் அரசியல் சாசன அமர்வு எழுத்துப் பிழை, கணக்குப் பிழை, வட்டி போன்ற சிலவற்றில் மட்டும் மாற்றலாம் என்று கொஞ்சம் தளர்த்தியது. சென்ட் விலையையே மறுபடி ஆராய்ந்து கூட்டித் தருவது அந்தத் தளர்வில் வராது.

நடுவர் மனுவில் நான்கு தலைப்பையும் தனித்தனித் தொகையாக எழுதுங்கள்: சென்ட் விலை, விடுபட்ட சொத்துகள், துண்டாக்கல் சேதம், சொலேஷியமும் 12 சதவீதமும். “நியாயமான தொகை வழங்கவும்” என்று மொத்தமாக எழுதினால், எந்தத் தலைப்பில் என்ன மறுத்தார்கள் என்று பின்னால் காட்டவே முடியாது.